பதினெட்டுக் குடம்

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், ஜெயலட்சுமிக்கும் அவள் ஓரகத்திக்கும் ஆகாது என்பார்கள். பாதி உண்மை. அந்த ஜெயலட்சுமி நான்தான். ஓரகத்தி அம்சவல்லி, என் வீட்டுக்காரர் தசரதனுடைய அண்ணன் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக் குடியிருந்தோம். கிணறு ஒன்று, களம் ஒன்று, துணி காயப்போடும் கம்பி ஒன்று. அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒருத்தியை ரொம்பப் பிடிக்கவும் பிடிக்காது, முழுசாக வெறுக்கவும் முடியாது. அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான்தான் எழுத வேண்டும். அவள் பெற்ற பிள்ளைகளுக்கே அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவளுக்குப் பிறந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். பதினேழு வயதில் ரகுபதி மூத்தாருக்குக் கழுத்தை நீட்டி, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தாள். நான் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால். நான் வந்தபோது அவள் இடுப்பில் ஒரு பையன், வயிற்றில் ஒரு பையன். எட்டு மாச வயிற்றோடு நாற்று நடவுக்கு வந்தாள். சேற்றில் காலை வைத்துக்கொண்டு ஊர்க் கதையெல்லாம் பேசிச் சிரிக்க வைப்பாள். ஆனால் தன் கதையை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டாள். வலி என்றோ, முடியவில்லை என்றோ அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அதைப் பெருமை என்று நினைத்தாளா, அல்லது சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மூத்தார் ஸ்பிரிங் கம்பெனியில் ஃபிட்டர். ரோட்டு முனையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நல்ல மனிதர்தான். குடி இல்லை, கை நீட்ட மாட்டார். ஆனால் நான் அவரிடம் பேச மாட்டேன். மூத்தார் எதிரில் வந்தால் இளைய மருமகள் சுவரோரம் ஒதுங்கி நிற்பது எங்கள் வீட்டு வழக்கம். அவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அம்சவல்லி அக்காவிடம் சொல்லலாம், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பலாம். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

துணி துவைக்க நாங்கள் கழனிக்குப் போவோம். பம்புசெட்டு ஓடும் நேரத்தில் தொட்டியில் தண்ணீர் கொட்டும், வாய்க்காலில் போகும். பக்கத்திலேயே கல். தண்ணீரைத் தூக்க வேண்டிய வேலையே கிடையாது. குனிந்து அடித்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, வரப்பிலேயே உலர்த்திவிட்டு வரலாம். மூத்தாருடைய காக்கி உடுப்புதான் எங்களுக்கு எமன். கிரீஸும் ஆயிலும் ஊறி, கையில் எடுத்தால் தோல் போல விறைப்பாக இருக்கும். அதை அக்கா யாரிடமும் கொடுக்க மாட்டாள். தன் கையாலேயே துவைத்தால்தான் அவளுக்குத் திருப்தி.

அந்தக் கல்லில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. 1984-ஆம் வருஷம். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. சில நாளாக எனக்கு முன்னாலேயே கழனிக்குப் போய் ஒரு மூட்டைத் துணியை அலசி முடித்துவிடுகிறாள் என்று கவனித்தேன். ஒருநாள் சீக்கிரமாகப் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் தண்ணீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாக்கா இது? எத்தினி நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷமா இப்டித்தான். நின்னுடும் நின்னுடும்னு பாத்துகினு கீறேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து அலசினாள்.

நான் அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அண்ணனிடம் சொன்னார். மூத்தார் லீவு போட்டு அவளைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள், ஆவணி மாசத்தில் எடுத்தார்கள். துணைக்கு நான்தான் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது ஆபரேஷன் செய்த டாக்டரம்மா என்னையும் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: "ஆறு மாசத்துக்குக் குந்தித் துணி துவைக்கக் கூடாது. வெயிட் தூக்கக் கூடாது. உள்ள போட்டிருக்கிற தையல் விட்டுப்போச்சுன்னா மறுபடியும் தைக்கிறது கஷ்டம். தைச்சாலும் மொதல்ல மாதிரி நிக்காது. புரியுதாம்மா?" அக்கா தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

டாக்டர் சொன்னதை மீறுகிறவள் இல்லை அக்கா. வீட்டுக்கு வந்ததும் வெயிட் என்று எதையெல்லாம் நினைத்தாளோ அதையெல்லாம் விட்டாள். புல்லுக்கட்டு தூக்கவில்லை. நெல் மூட்டை பக்கம் போகவில்லை. அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்குவதற்குக் கூட சுவரைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள். நான் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போய் இறக்கி வைத்துவிட்டு வருவேன். அவர்கள் வீட்டுத் துணியும் என் தலையில் விழுந்தது. என் வீட்டில் நான்கு பேர் துணி, அவள் வீட்டில் நான்கு பேர் துணி, அந்தக் காக்கி. மாட்டுக்குத் தீனி, கழனி வேலை, சமையல், பிறகு இரண்டு மூட்டைத் துணி. கழனியிலிருந்து திரும்பும்போது என் தோள்பட்டை எனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கும். எனக்கும் அலுப்புதான். அதை நான் மறைக்கவில்லை.

அப்படி ஐந்து வாரம் போன பிறகு ஒருநாள், நான் துவைத்துக் கொண்டுவந்த சட்டையை அக்கா விரித்துப் பார்த்தாள். "காலர்ல அழுக்கு அப்டியே கீதே ஜெயா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. குற்றமாகக் கூடச் சொல்லவில்லை, அழுக்கு இருந்தது, சொன்னாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இந்த அலுப்பில் உனக்குத் துவைத்துப் போடுவதே பெரிசு, இதில் காலர் வேறா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மிஷின் வந்தது.

மூத்தாருடைய கம்பெனி மேனேஜர் மாற்றலாகிப் புனாவுக்குப் போனார். அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த துணி துவைக்கும் மிஷின், ஒருமுறை கெட்டுப்போனபோது மூத்தார்தான் போய்ச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அந்த நன்றிக்கு, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனாராம். ஆயுத பூஜைக்கு முதல்நாள் கம்பெனி லாரியில் வந்து இறங்கியது. ஊரில் பாதி அங்கேதான் நின்றது. வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி, மேலே இரண்டு மூடி. ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, இன்னொரு பக்கம் பிழிந்து காயவைக்கிற தொட்டி. மறுநாள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சூடம் காட்டினார் மூத்தார். பெண்டாட்டிக்காக ஆசையாசையாகச் செய்தார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"இனிமே ஜெயாவும் கஸ்டப்பட வேணாம், நீயும் கஸ்டப்பட வேணாம்" என்று அக்காவிடம் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டுமென்றுதான் சத்தமாகச் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே ஒரு எரிச்சல். ஐந்து வாரம் துவைத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, ஒரு தகரப் பெட்டிக்கு மாலையா என்று.

மிஷினைக் கூடத்தில் வைத்தார்கள். மூன்று ஓட்டைப் பிளக்கு அங்கேதான் இருந்தது, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுவதும் அங்கேதான். எங்கள் ஊரில் கரண்டு ஏறும் இறங்கும், அதற்காக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். நான்கு காலும் சமமாக நிற்க மரச் சக்கை செதுக்கி அடியில் கொடுத்தார். பிறகு அக்காவுக்குப் பாடம் நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும்.

"இங்க பாரு அம்சா. ரெண்டரை கிலோ துணிக்கு மேல போடக் கூடாது. மோட்டார் தாங்காது. பாக்கெட்டுல நட்டு கிட்டு கீதான்னு பாத்துப் போடு. சோப்புக் கட்டி வேணாம், பவுடருதான். பிழியிறதுல துணியச் சுத்தி சமமா அமுக்கு, ஒரு பக்கமாப் போட்டியானா உதறிக்கினு நடக்க ஆரம்பிச்சுடும். அரை மணி ஓட்டுனா கால் மணி ரெஸ்ட் குடு. முடிஞ்சதும் தொடச்சிட்டு மூடியத் தொறந்து வை, இல்லன்னா நாறும்."

கம்பெனியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசு கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டினார். அக்கா துணியை மூட்டையாகக் கட்டி அதில் தொங்கவிட்டு, முள் ரெண்டரையைத் தாண்டாமல் பார்த்து, பிறகுதான் தொட்டியில் போடுவாள். அவள் எதையும் சொன்னபடி செய்கிறவள் என்று முன்பே சொன்னேன். இடுக்கில் இருக்கும் நூல் பிசிறைக் கூட எடுத்துச் சுத்தம் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை மூத்தார் அதன் பின்பக்கம் உட்கார்ந்து ஸ்குரூவையெல்லாம் முறுக்கிப் பார்த்து, பழைய வேட்டியால் பளபளவென்று துடைப்பார். மோட்டாருக்கு ரெஸ்ட் கொடுக்கச் சொல்லும் மனிதர் வீட்டில் மனுஷிக்கு யாரும் ரெஸ்ட் கொடுக்கவில்லை. இது இப்போது எழுதும்போது தோன்றுவது. அப்போது எனக்கும் தோன்றவில்லை.

அந்த மிஷின் தானாகத் தண்ணீர் எடுக்காது. மேனேஜர் வீட்டில் குழாய் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் ஏது குழாய்? புழக்கடையில் கிணறு. கிணற்றிலிருந்து சேந்தி, குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்து, புழக்கடையைக் கடந்து, இரண்டு வாசப்படி ஏறி இறங்கி, சமையலறை வழியாகக் கூடத்துக்கு வர வேண்டும். துவைக்க மூன்று குடம். அலச மூன்று. சோப்பு போகாது, இன்னொரு முறை அலச மூன்று. அக்கா சிக்கனக்காரி. சோப்புத் தண்ணீரைக் கொட்டாமல், வெள்ளைத் துணி முடிந்ததும் அதிலேயே கலர் துணியைப் போடுவாள். அப்படியும் ஒரு நாளைக்குப் பதினைந்து குடம். வாரத்தில் மூன்று நாள்.

என் சமையலறைக் கதவைத் திறந்தால் கிணறு. நான் அரிசி களையும்போதும், அம்மியில் அரைக்கும்போதும் அவள் போவதும் வருவதும் தெரியும். கப்பி கிறீச்சிடும். அவள் இடது கையால் குடத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையை வீசி நடப்பாள். நான் எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்றால் கேலிக்குத்தான். ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு. "உங்க அண்ணன் கொணாந்த மிஷினு இன்னிக்கிப் பதினஞ்சு கொடம் குடிச்சுது. நம்ம எருமை கூட அவ்ளோ குடிக்காது" என்பேன். அவர் சிரிப்பார்.

உதவிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மிஷின் வந்த வீட்டுக்கு நான் எதற்கு என்ற வீம்பு எனக்கு. காலர் அழுக்கு இன்னும் தொண்டையில் நின்றது. அவள் வீட்டில் இரண்டு பையன்கள் இல்லையா என்றால், இருந்தார்கள், பெரியவனுக்குப் பதினான்கு வயது. என் வீட்டிலும் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஆம்பிளைப் பிள்ளை இடுப்பில் குடம் வைத்தால் வாழ்நாள் முழுக்க அதையே பட்டப் பெயராக வைத்துவிடுவார்கள். மாடு குளிப்பாட்டுவான், ஏற்றம் இறைப்பான், குடம் மட்டும் எடுக்க மாட்டான். நானே எடுக்க விட்டிருக்க மாட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் என்னைக் கூப்பிடாமலும் இல்லை. துணி பிழிந்து முடிந்ததும் சுவரைத் தட்டுவாள். போனால் ஒரு வாளி நிறையத் துணி இருக்கும். "இத்தக் கம்பி வரிக்கும் தூக்கினு போறியா ஜெயா? டாக்டரம்மா வெயிட் தூக்க வேணான்னு சொல்லிகிறாங்க" என்பாள். மிஷின் பிழிந்த துணி, பாதி காய்ந்து பஞ்சு மாதிரி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போவேன். அதைத் துவைக்க அவள் பதினைந்து குடம் சுமந்து வந்ததை நானும் பார்த்திருந்தேன், அவளும் சுமந்திருந்தாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு தப்பும் படவில்லை. வெயிட் என்றால் நெல் மூட்டை, விறகுக் கட்டு, உர மூட்டை. குடத்தை எந்தக் காலத்தில் யார் வெயிட்டில் சேர்த்தார்கள்? ஆறு வயதில் சின்னச் செம்புக்குடத்தோடு ஆரம்பித்தது. மூச்சு விடுவது போல அது ஒரு பழக்கம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெயிலே கிடையாது. அப்போது அந்தக் காயவைக்கிற தொட்டியின் அருமை தெரிந்தது. என் வீட்டுத் துணி மூன்று நாளானாலும் ஈரமாக நாறிக்கொண்டு தொங்க, அவள் வீட்டுத் துணி விசிறிக் காற்றில் ஒரு பொழுதில் காய்ந்துவிடும். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கூசாமல் இரண்டு முறை என் ஈரத் துணியைக் கொண்டுபோய் அதில் போட்டுப் பிழிந்துகொண்டு வந்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "கொணா, நீ ஏன் தனியா அவதிப்படற" என்று அவளே வாங்கி சமமாக அமுக்கி வைத்தாள்.

அப்போதுதான் காக்கித் துணியைப் பற்றிப் பேச்சு வந்தது. மிஷினில் காக்கி மட்டும் சுத்தமாகவில்லை. கிரீஸ் அப்படியே நின்றது. நான் ஐந்து வாரம் அதை எப்படிப் போக்கினேன் என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகப் போயிற்று. "ராத்திரியே கிருஷ்ணாயில்ல ஊறப் போட்டுடுக்கா. காலைல எட்துத் தொவச்சியானா அப்டியே வுட்டுடும்" என்றேன். கல்லில் துவைக்கும்போது அது சரி. நான் அப்படித்தான் செய்தேன். மிஷினில் போடலாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான்கு முறை அப்படிப் போட்டிருப்பாள். தொட்டியின் அடியில் தண்ணீரை நிறுத்தும் ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி, உப்பி, வாய் பிளந்துவிட்டது. தண்ணீர் நிற்காமல் ஒழுகிக் கூடமெல்லாம் ஓடியது. சாயந்திரம் மூத்தார் வந்து பிரித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். அதற்கு முன்னால் அவர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"கிருஷ்ணாயிலா? உள்ள மோட்டார் ஓடுதும்மே! ஒரு பொறி பட்டா வூடே பத்திக்கும். துணி காயற தொட்டில கிருஷ்ணாயில் துணியப் போடுவாளா ஒருத்தி? எவ சொன்னா உனக்கு?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் அசையாமல் நின்றேன்.

"ஒருத்தரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்" என்றாள் அக்கா.

அவர் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு ரப்பர் செய்து மாட்டினார். முழுசாக நிற்கவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. சரியான ரப்பர் மெட்ராஸில் தேடிப் பார்க்கிறேன், அதுவரைக்கும் கொஞ்சம் கூடத் தண்ணீர் ஊற்றி ஓட்டு என்றார். அவருக்கு மிஷின் நிற்கக் கூடாது. நின்றால் பெண்டாட்டி குந்தித் துவைக்க வேண்டியிருக்குமே என்ற கவலை. நிஜமான கவலைதான். அந்தக் கவலையில்தான் பதினைந்து குடம் பதினெட்டுக் குடமாயிற்று. எனக்கும் கணக்குத் தெரியும். நான் எண்ணிக்கொண்டுதானே இருந்தேன். என் பேரை வெளியே சொல்லாமல் காப்பாற்றினாளே என்று நன்றி இருந்தது, ஆனால் அந்த நன்றியில் ஒரு குடம் தூக்கிக்கொண்டு போய் ஊற்றத் தோன்றவில்லை. எதிரில் போக வெட்கமாக இருந்ததால் இன்னும் ஒதுங்கித்தான் போனேன்.

கார்த்திகை பிறந்ததும் அவள் நடை மாறியது. வலது கையை வீசாமல் அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு நடந்தாள். ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, கிணற்றுக் கட்டையில் சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு அடுத்த குடம். நான் உளுந்து ஆட்டிக்கொண்டே பார்த்தேன். முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்கு எல்லோருக்கும் இடுப்பு வலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாவை வழித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கப்பிச் சத்தம் பாதியில் நின்றது. கயிறு சரசரவென்று ஓடி வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. புடவை நனைந்திருந்தது.

"ஜெயா, உள்ள இன்னாவோ கீழ எறங்கிடுச்சுடி" என்றாள். அன்றைக்கு மூத்தாருக்கு ராத்திரி ஷிஃப்ட், வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் டிராக்டரில் வைக்கோலைப் போட்டு, மேலே அவளைப் படுக்கவைத்து, ரோட்டுக்கு வந்து, அங்கே ஒரு வேனை நிறுத்திக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எந்தச் சாமியையெல்லாமோ கூப்பிட்டேன்.

அதே டாக்டரம்மாதான். பரிசோதித்துவிட்டு வந்தவர் கோபமாக இருந்தார். கட்டிலின் ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மூத்தார்.

"உள்தையல் விட்டுப்போச்சு. நான் என்ன சொல்லி அனுப்பினேன்? வெயிட் தூக்கினியா?"

"இல்லீங்க டாக்டரம்மா" என்றாள் அக்கா. "சோத்துப் பானைய கூட ஜெயாதான் எறக்குவா. கேட்டுப் பாருங்க."

"துணி துவைச்சியா?"

"மிஷினு கீதுங்க. அதான் தொவைக்குது. பிழியிறதும் அதாங்க."

மூத்தார் தலையை ஆட்டினார். ஆமாம், நான்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்பது போல. டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "வீட்ல குழாய் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கெணறுதான்."

"அப்போ மிஷினுக்குத் தண்ணி?"

"நான் கொணாந்து ஊத்துவேங்க" என்றாள். கேட்கவே வேண்டாத கேள்வி என்பது போலச் சொன்னாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். எத்தனை குடம் என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. அவள் எண்ணியதில்லை. மூத்தாரைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. துணியை ரெண்டரை கிலோவுக்கு நிறுத்துப் பார்க்கச் சொன்ன மனிதருக்கு அது தெரியவில்லை.

"பதினெட்டுக் கொடம்" என்றேன் நான். மூத்தார் எதிரில் நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். "மொதல்ல பதினஞ்சு. ரப்பர் போனதுக்கு அப்புறம் பதினெட்டு. வாரத்துக்கு மூணு வாட்டி."

"ஒரு குடம் பன்னெண்டு பதிமூணு கிலோ வரும்" என்றார் டாக்டரம்மா, மூத்தாரைப் பார்த்து. "நீங்க கம்பெனியில வேலை செய்யறவர்தானே? நீங்களே போட்டுப் பாருங்க." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மூத்தார் போட்டுப் பார்த்திருப்பார். அவர் உதடு அசைந்தது. பிறகு வெளியே போய் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்க்காதது போல இருந்தேன்.

மறுபடி தைத்தார்கள். டாக்டரம்மா முதலிலேயே சொன்னபடி, முன்போல நிற்கவில்லை. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள் பழைய அம்சவல்லி இல்லை. இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். நாலு வருஷமாகிறது, இன்னும் கழனிப் பக்கம் வரவில்லை. நடவு நேரத்தில் அவள் குரல் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓட மாட்டேன் என்கிறது. மூத்தார் லோன் போட்டுக் கிணற்றில் மோட்டார் வைத்து, கூடம் வரைக்கும் பைப் இழுத்தார். மெட்ராஸிலிருந்து சரியான ரப்பரும் வந்தது. இப்போது அந்த மிஷின் ஒரு சொட்டு ஒழுகாமல் ஓடுகிறது. ஓட்டுவது நான். அவள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மூடியை எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வாள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் மத்தியானம். நான் அவள் வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனசு அடங்கவே இல்லை. யார் மேலாவது பழியைப் போட்டுவிட வேண்டும் என்றிருந்தது. மூத்தார் மேல் போட்டுப் பார்த்தேன், மேனேஜர் மேல் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அவள் மேலேயே போட்டேன்.

"ஏன்க்கா, அவ்ளோ வலியோட கொடம் தூக்கிகினு போனியே, செவுத்தத் தட்டி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் இன்னா, மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

கேட்டதற்குப் பதில் யோசிக்கிறவள் போலத்தான் அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ பாத்துகினுதான இருந்த ஜெயா" என்றாள். "கஸ்டமான வேலையா இருந்தா நீயே வந்திருப்பன்னு நெனச்சேன்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.